பாலத்திற்கு அப்பால்

எந்த நிலத்தைக் கண்டாலும் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றாகப் பகுத்துப் பார்க்கும் பழக்கம் தமிழ் பயின்றார்க்கு உண்டு. அயல்நாட்டு மாவட்டம் ஒன்றைப் பற்றிய விவரக் குறிப்பு கைக்கு வந்தாலும் அப்பழக்கம் நம்மை விடுவதில்லை. பரப்பும் மலையும் ஆறும் முதற்பொருளாக அமைந்துவிடும். பயிரும் தொழிலும் வழிபாட்டிடமும் கருப்பொருளாகிவிடும். உரிப்பொருளை மட்டும் எந்தக் குறிப்பேடும் தருவதில்லை. செக் நாட்டுத் திரெபீச் மாவட்டத்தைப் பற்றிப் பாடம் நடத்தப் புகுந்து, நாம் அதைத் தவறவிட்ட கதையை இம்மலரில் எழுத விழைகிறோம்.

மொழிபெயர்ப்பியல் வகுப்பில் சமய நூல்களின் மொழிபெயர்ப்புகள் உரைநடை வளர்ச்சிக்கு உதவிய திறத்தை விளக்கிக்கொண்டிருந்தோம். ஐரோப்பிய மொழிகளுள் சான்று காட்ட வேண்டி, செக் மொழியின் கிராலிட்சே விவிலியத்தை எடுத்துக்கொண்டோம். கிராலிட்சே என்பது ஓஸ்லவா ஆற்றை அடுத்த ஒரு சிற்றூர். திரெபீச் மாவட்டத்தைச் சேர்ந்தது. நூலைச் சொல்லுமுன் ஊரைச் சொல்லவேண்டும் என்று தோன்றவே, கரும்பலகையில் மாவட்டத்தின் படத்தை வரைந்தோம். வரைந்த பிறகு நூலை விட்டு மாவட்டத்திலேயே நின்றுவிட்டோம்.

விசோசினா என்னும் மேட்டுநிலப் பகுதியின் தென்கிழக்கில் அமைந்தது அம்மாவட்டம். பரப்பு 1,463 சதுர கிலோமீட்டர். மக்கள் ஏறத்தாழ 1,10,000 பேர். ஊராட்சிகளும் நகரங்களுமாக 167. தலைநகரான திரெபீச்சில் மட்டும் ஏறத்தாழ 35,000 பேர் வாழ்கின்றனர். மாவட்ட ஆட்சி அலுவலகங்களை 2002-ஆம் ஆண்டின் இறுதியோடு அந்நாட்டு அரசு கலைத்துவிட்டது; எனினும் கணக்கெடுப்புக்கும் நீதிமன்றப் பணிக்கும் மாவட்டம் என்னும் எல்லை இன்றும் பயன்படுகிறது. யிஹ்லவா ஆறு மேற்கிலிருந்து கிழக்காகப் பாய்கிறது. அதன்மேல் டலெஷிட்சே என்னுமிடத்தில் 1970-களில் எழுந்த கல்லணை நூறு மீட்டர் உயரமுடையது. அணைக்குக் கீழே மொஹெல்னோ ஊரருகே செர்ப்பன்டைன் என்னும் பாறைச் சரிவு ஒன்று உண்டு. வெயிலில் காய்ந்து கொதிக்கும் அம்மண்ணில் செடிகொடிகள் குறுகிக் குள்ளமாகவே வளர்கின்றன. அக்குறுமையே அதன் புகழுக்குக் காரணமாயிற்று.

அருகிலுள்ள டுகோவனியில் அணுமின் நிலையம் நிற்கிறது. அதன் நான்கு உலைகளும் 1985-க்கும் 1987-க்கும் இடையில் இயங்கத் தொடங்கின. மேலும் இரண்டு அமைப்பதற்குத் தென்கொரிய நிறுவனத்தோடு 2025-இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பழைய நிலையத்தைக் கட்டும்போது லிப்னியானி, ஸ்கிரியே, ஹெர்மனிட்சே என்னும் மூன்று சிற்றூர்கள் அகற்றப்பட்டன. வீடுகள் போயின, அவற்றின் சிறு தொழுகைக் கூடங்கள் மட்டும் விடப்பட்டன. வகுப்பில் இதை ஒரு தகவலாகவே சொல்லிச் சென்றோம்.

நூலுக்கு வருவோம். போகிமியச் சகோதரர் ஒன்றியம் என்பது கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்து நின்ற ஒரு சிறு சமயக்கூட்டம். அரச ஆணையால் தடைசெய்யப்பட்டிருந்த அக்கூட்டத்தார் தம் அச்சகத்தை 1578-இல் கிராலிட்சேக் கோட்டைக்குள் கொண்டுவந்து மறைவாக நடத்தினர். செரோத்தீன் குடியைச் சேர்ந்த யான் என்னும் பிரபு அவர்களுக்குப் புரவலராக இருந்தார். எபிரேயம், கிரேக்கம் ஆகிய மூலமொழிகளிலிருந்தே பெயர்த்து, ஆறு பகுதிகளாக 1579 முதற்கொண்டு ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளில் விவிலியத்தை வெளியிட்டனர். புதிய ஏற்பாட்டை யான் பிளாகொஸ்லவ் 1564-லேயே மொழிபெயர்த்திருந்தார். அவர் அச்சகம் கிராலிட்சே வந்ததைக் காணாமல் 1571-இல் மறைந்தார். இந்நூலின் நடையே பிற்காலத்தில் செக் இலக்கிய மொழிக்கு அளவுகோலாயிற்று.

1620-இல் வெள்ளை மலைப் போரில் சீர்திருத்தக் கட்சியினர் தோற்றனர். 1628-இல் மொராவியாவில் கத்தோலிக்கமல்லாத கிறித்தவர்க்கு இடமில்லை என ஆணை பிறந்தது. மதம் மாறுதல் அல்லது நாடு நீங்குதல் என்னும் இரண்டே வழிகள். கல்வியாளர் கொமேனியசும் அவ்வாண்டே நாடு நீங்கியவருள் ஒருவர். அச்சகம் போலந்து நாட்டு லெஷ்னோவுக்குச் சென்றது. 1956-இல் தொல்லியலார் கிராலிட்சேக் கோட்டை நிலத்தைத் தோண்டியபோது, மண்ணுக்குள்ளிருந்து ஈய அச்செழுத்துகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அச்சுக்கோத்தவர் கைதவறிச் சிந்தியவை எத்தனை, கழித்து எறிந்தவை எத்தனை, யார் அறிவார்? தமிழ் எழுத்துகளை ஈயத்தில் கோத்த காலத்தை நேரில் கண்ட நமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தந்தது. மாணவரும் ஆர்வமாகக் கேட்டனர்.

அந்த உற்சாகத்தில் திரெபீச் நகரின் பெருமையையும் சொல்லத் தொடங்கினோம். 1101-இல் மொராவியக் கோமக்கள் இருவர் அங்கு ஒரு பெனடிக்டின் துறவிமடம் நிறுவினர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்தது அதன் பெரிய தேவாலயம். இன்று தூய புரோக்கோப்பியஸ் பெயரால் வழங்குகிறது. 1468-இல் அங்கேரி மன்னர் மத்தியாசின் முற்றுகையில் நகரமும் மடமும் சீரழிந்தன. பின்னர் மடம் பிரபுக்களின் மாளிகையாயிற்று. தேவாலயமோ தானியக் களஞ்சியமாகவும் குதிரை லாயமாகவும் மது வடிக்கும் இடமாகவும் கிடந்து, பதினெட்டாம் நூற்றாண்டில்தான் மீண்டும் வழிபாடு கண்டது. ஆற்றின் வடகரையில் மலைச்சரிவுக்கும் நீருக்கும் இடையே நெருங்கி நிற்பது யூதர் குடியிருப்பு. அப்பகுதிக்கு ஸாமொஸ்தீ என்று பெயர். பாலத்திற்கு அப்பால் என்பது பொருள். இடமில்லாமையால் ஒரே வீட்டின் தளங்களையும் அறைகளையும் பல குடும்பத்தார் தனித்தனியே உரிமையாக வைத்திருந்தனர். 120-க்கு மேற்பட்ட வீடுகள், இரண்டு தொழுகைக்கூடங்கள், மேலே சரிவில் இடுகாடு ஆகியன இன்றும் உள்ளன. 2003-இல் யுனெஸ்கோ இவற்றையும் அத்தேவாலயத்தையும் சேர்த்தே உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றது. இஸ்ரேலுக்கு வெளியே யூதர் குடியிருப்பு ஒன்று தன் பெயரால் அப்பட்டியலில் இடம்பெற்றது அதுவே முதன்முறை. இரு பண்பாடுகள் பல நூற்றாண்டுகள் இணைந்து வாழ்ந்தமைக்குச் சான்று என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

சமய நல்லிணக்கம் பற்றி நாலு சொல் சொல்லி முடிக்க நினைத்திருந்தோம். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, "இப்போது அங்கே யூதர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், ஐயா?" என்று கேட்டார்.

வீடுகளின் எண்ணிக்கை நம்மிடம் இருந்தது; ஆட்களின் எண்ணிக்கை இல்லை. பார்த்துச் சொல்கிறோம் என்று கூறி வகுப்பை முடித்தோம்.

பார்த்தோம். 1942-ஆம் ஆண்டு மே மாதத்தில் நாசிகள் திரெபீச் நகர யூதர்களைத் தொடர்வண்டியில் ஏற்றிச் சென்றனர். ஏறத்தாழ 280 பேர். போர் முடிந்து திரும்பியவர் பத்துப்பேர். யூத நெறியின்படி கூட்டு வழிபாட்டுக்கு வயதுவந்த ஆடவர் பத்துப்பேர் கூடவேண்டும். திரும்பியவர் அனைவரும் ஆடவராய் இருந்து, அனைவரும் ஒரு வேளைக்குக் கூடியிருந்தால்தான் ஜமாஅத் நிறைந்திருக்கும். அச்சமூகம் மீண்டும் எழவில்லை. ஒரு தொழுகைக்கூடம் கிறித்தவத் திருச்சபை ஒன்றின் ஆலயமாக உள்ளது. மற்றொன்று கிடங்காகக் கிடந்து, பழுது நீக்கப்பட்டு, சுவரின் எபிரேய எழுத்துகளோடு அருங்காட்சியகமாகக் காட்சி தருகிறது. குடியிருப்பு முழுவதையும் இடித்துவிடும் திட்டமும் பொதுவுடைமை ஆட்சிக் காலத்தில் இருந்தது. அது நிறைவேறாமற் போனதால் வீடுகள் தப்பின.

இணைந்து வாழ்ந்தனர் என்னும் சொல்லையும் அதன் பிறகு நாம் சற்று நிறுத்தியே படித்தோம். 1726-இல் பிறந்த ஆணை ஒன்று மொராவிய யூதக் குடும்பங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியது. குடும்பத்தில் ஒரு மகனே மணம் புரியலாம். 1848 வரை அந்நிலை நீடித்தது. தொழுகைக்கூடத்துச் சாளர ஒளி தம் மாளிகையில் உறுத்துகிறது என்று பிரபு ஒருவர் கூரையைத் தாழ்த்தச் சொன்னதாகவும் அவ்வூரில் ஒரு செய்தி வழங்குகிறது. ஆயினும் ஒரே ஆற்று நீரைக் குடித்து, ஒரே பாலத்தில் நடந்து, ஒரே சந்தையில் கொடுத்து வாங்கி அவர்கள் நூற்றாண்டுகளைக் கழித்தனர் என்பதும் உண்மையே. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சொல்வது வரலாறாகாது. நாம் வகுப்பில் ஒன்றை மட்டும் சொல்லியிருந்தோம். அண்டை வீட்டார்க்குரிய கடமையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எத்துணை அழுத்தமாக வலியுறுத்தினார்கள் என்பதை நன்கறிந்த மாணவர் முன் அவ்வாறு சொன்னது நமக்கு வெட்கமாகவே இருந்தது.

அடுத்த வகுப்பில் படம் வரையவில்லை. அம்மாணவரைப் பெயர் சொல்லி எழுப்பி, எண்ணிக்கையைச் சொன்னோம். அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, "அந்த இடுகாட்டில் எத்தனை கல் இருக்கிறது?" என்று மறுபடியும் கேட்டார். இம்முறை நம்மிடம் விடை இருந்தது. ஏறத்தாழ 3,000 கற்கள். அடியில் துயில்வோர் 11,000 பேர் என்பர். பதினேழாம் நூற்றாண்டுக் கற்களும் அவற்றுள் உண்டு. 1942-இல் சென்று திரும்பாதவர்க்கு அச்சரிவில் அடக்க இடம் இல்லை.