உள்ளே விட்ட துணி

ஒரு ரவிக்கையை உள்புறம் திருப்பிப் பார்த்தால், அது எந்தப் பொருளாதாரத்தில் பிறந்தது என்பது விளங்கும். வீட்டில் தைத்த ரவிக்கையின் பக்கத் தையலுக்குள் ஓர் அங்குலத் துணியேனும் மிச்சம் விடப்பட்டிருக்கும். அதன்மீது இரண்டு மூன்று தையல்கள் அடுத்தடுத்து ஓடியிருக்கும். உடல் பெருத்தால் ஒன்றைப் பிரித்துவிட்டால் போதும். வளரும் பெண்குழந்தையின் பாவாடை அடியில் வைக்கும் டக்குகளும் இதே கணக்கில் வந்தவைதாம். ஆண்டுக்கு ஒரு டக்கு பிரியும், பாவாடை நீளும். வரப்போகும் உடலுக்காக இன்றே ஒதுக்கி வைக்கப்பட்ட துணி அது.

பெங்களூருவின் பீண்யாவிலும் மைசூரு சாலையிலும் பொம்மனஹள்ளியிலும் உள்ள ஆயத்த ஆடை ஆலைகளில் தைக்கப்படும் உடுப்புகளில் இந்த மிச்சம் பெரும்பாலும் இராது. ஓவர்லாக் இயந்திரம் ஓரத்தைத் தைக்கும்போதே மிகுதியை நறுக்கித் தள்ளிவிடும். எஞ்சுவது ஒரு சென்டிமீட்டர் அளவே. பல்லாயிரம் உடுப்புகளைக் கணக்கிடும் ஆலைக்குச் சில மில்லிமீட்டர் துணியும் பெரும்பணம். அந்த உடுப்பைப் பின்னாளில் பிரித்துப் பெரிதாக்க வழியில்லை. அது அணிவோருடன் வளராது, சிறுத்துப்போனால் கழிக்கவேண்டியதுதான்.

இவ்விரு வகை உடுப்புகளையும் தைப்பவை பல வேளைகளில் ஒரே கைகள் என்பதே கவனிக்கத்தக்கது. ஆலையில் பெண் தொழிலாளி ஒருத்தி நாள் முழுவதும் காலர் மட்டும் வைக்கிறாள். அடுத்தவள் கைப்பட்டி, மற்றொருத்தி பை. மணிக்கு இத்தனை என்ற இலக்கு தலைக்குமேல் நிற்கிறது. முழுச் சட்டை ஒன்று அவள் கையில் உருவாவதே இல்லை. ஆலைக்கு வெளியே, ஒற்றையறை வீட்டின் மூலையில் பழைய கால்மிதி இயந்திரம் வைத்திருப்பவள் மட்டும் ஓர் உடுப்பை முதலிலிருந்து கடைசிவரை தானே முடிக்கிறாள்.

அந்த மூலையில் விலைக்கு வாங்கிய கருவி மிகக் குறைவு. அளவுத்தாளாக நாளிதழ், மாதிரியாகப் பிரித்தெடுத்த பழைய ரவிக்கை, கழுத்து வளைவு வரையத் தட்டு அல்லது கிண்ணம். குறியிடத் தேய்ந்துபோன சோப்புச் சில்லு. அதன் கோடு ஒரே அலசலில் போய்விடும். பாவாடைக்கு நாடா கோக்க ஊக்கு. தோல் பட்டை தளர்ந்தால் ஒரு துண்டு நறுக்கிக் கம்பியால் மீண்டும் பூட்டினால் ஓடும். கிழிந்த சட்டை தரைத்துடைப்பாகும் முன் அதன் பொத்தான்கள் மருந்துப் புட்டிக்குள் சேர்ந்துவிடும்.

துணி எங்கே நையும், எங்கே நையாது என்பதே இக்கலையின் அடிப்படை அறிவு. படுக்கை விரிப்பு நடுவில் நைந்து ஓரத்தில் உரமாக இருக்கும்; நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து ஓரங்களை நடுவே இணைத்தால் இன்னும் சில ஆண்டுகள் தாங்கும். சட்டைக் காலர் மடிப்பில்தான் நையும். பிரித்துத் திருப்பி வைத்தால் நைந்த பக்கம் கீழே மறையும். உடல் நைந்த சேலையிலும் கரை பிழைத்திருக்கும். எதற்கும் ஆகாதவை அடுக்கடுக்காகச் சேர்ந்து, ஓட்டுத் தையலில் வட கர்நாடகத்தின் கவுதிப் போர்வையாகின்றன. உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி சமூகப் பெண்களின் ஒட்டுப் போர்வைகள் இன்று அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. பெங்களூரு வாடகை வீட்டின் பிரித்துத் தைத்த விரிப்புக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.

இயந்திரங்கள் அனைத்தையும் எதிர்க்கிறீர்களா என்ற வினாவுக்கு 1924இல் விடையளித்த காந்தி, சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தார். அதைச் செய்ய ஆலை வேண்டுமே என்ற மறுகேள்விக்கு, அத்தகைய ஆலைகள் அரசின் கையில் இருக்கவேண்டும் என்றார். தையல் இயந்திரத்தையே வரிசை வரிசையாக நிறுத்தி ஆலையாக்குவது அந்த உரையாடலின் எல்லைக்குள் வரவில்லை. பெங்களூருவில் அந்த இரண்டாம் வாழ்வே பெரிதாயிற்று.

இச்சிக்கனத்தைப் போற்றிப் பாடுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. பழைய விரிப்பைப் பிரித்துத் தைக்கும் அந்த இரண்டு மணிநேரத்துக்கு எவரும் கூலி கொடுப்பதில்லை. கூலி போதாத குடும்பத்தில், போதாமையை ஈடுகட்டுவது அவளுடைய உறக்க நேரமே. வீட்டுத் தையலும் ஆலைக் கூலியும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள் என்பதை ஆய்வுகள் மறக்கலாகாது.

அந்தக் கணக்கு 2016 ஏப்ரலில் தெருவுக்கு வந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் நடுவண் அரசு வருங்கால வைப்பு நிதி விதியைத் திருத்தியது. வேலையை விட்டவர் தம் பங்கையும் அதன் வட்டியையும் மட்டுமே எடுக்கலாம். முதலாளி செலுத்திய பங்குக்கு 58 வயதுவரை காத்திருக்கவேண்டும் என்றாயிற்று. ஏப்ரல் 18, 19 நாள்களில் பெங்களூருவின் ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஆயிரக்கணக்கில் ஓசூர் சாலையிலும் துமகூரு சாலையிலும் இறங்கினர். தொழிற்சங்கம் எதுவும் முன்னின்று அழைத்ததன்று அது. தடியடி நடந்தது, பேருந்துகள் எரிந்தன. ஏப்ரல் 19 அன்றே அரசு அத்திருத்தத்தைத் திரும்பப் பெற்றது.

அதைத் திடீர்க் கொந்தளிப்பு என்று எழுதுவது எளிது. முதுமைக்காகச் சேர்ப்பதன் அருமை இப்பெண்களுக்குத் தெரியவில்லை என்று வாதிடுவதும் எளிது. ஆனால் அறுபதை நெருங்கும்வரை தையல் பலகையில் உட்கார ஆலை எத்தனை பேரை விட்டுவைக்கிறது? பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் வீட்டில் ஒரு திருமணமும் 58 வரை காத்திருப்பதில்லை. சேமிப்பு என்பது உடுப்புக்குள் விட்ட துணி போன்றது. உடல் கேட்கும்போது பிரிக்கமுடியவேண்டும். பிரிக்கமுடியாதபடி தைத்துவிட்டால் அது அணிந்திருப்பவளுக்குப் பயன்படாது. சேமிக்கத் தெரியாதவர்கள் என்று கருதப்பட்டவர்களுக்கு இது தெரிந்திருந்தது.

தொழிலாளர் குடும்பங்களின் சேமிப்பை அளக்க வினாநிரல் ஏந்திச் செல்லும் ஆய்வு மாணவர்கள், வங்கிக் கணக்கு, நகை, சீட்டு என்ற கட்டங்களோடு நின்றுவிடுகின்றனர். வீட்டு இயந்திரத்தின் இழுப்பறையில் என்ன இருக்கிறது, தையலுக்குள் எவ்வளவு துணி விடப்பட்டிருக்கிறது, அதை எப்போது பிரிக்க நேர்ந்தது என்பனவும் கேட்கத்தக்க கேள்விகளே. பிரித்த தையலின் ஊசித் துளைகள் துணியில் வரிசையாக நிற்கும், அவற்றையும் வாசிக்கலாம்.