வாடகைக்கு வந்தவன் வீட்டை விற்ற கதை

நாகூருக்கு வருகிறவர்கள் தர்காவுக்குப் போவார்கள். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங் கட்டித்தந்த 131 அடி மினாராவை அண்ணாந்து பார்ப்பார்கள். இறால் வாடாவை ஒரு கை பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். அவசரப்படாதீர்கள் சார்! வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் தரங்கம்பாடி இருக்கிறது. (வழியில் காரைக்கால் வரும். கூட வரும் நண்பர் அங்கேயே இறங்கிக்கொள்ளத் துடிப்பார். சட்டையைப் பிடித்து உட்கார வையுங்கள்!)

ஊருக்குள் நுழைய 1792-ல் கட்டிய கோட்டை வாசல். உள்ளே ராஜா வீதி. அதில் இரண்டு பழைய சர்ச்சுகள், கிட்டத்தட்ட நேருக்கு நேர். 1701-ல் கட்டிய சீயோன் ஆலயம் வெள்ளைக்காரர்களுக்கு. 1718-ல் எழும்பிய புதிய எருசலேம் ஆலயம் தமிழர்களுக்கு. ஒரே ஏசு, ரெண்டு வாசல்!

‘புதிய’ என்றால் பழையது எங்கே? 1707-ல் கட்டிய அந்த முதல் ஆலயம் கடலுக்குப் பலியாகிவிட்டது. இரண்டையும் கட்டியவர் சீகன்பால்கு. 1706-ல் ஜெர்மனியிலிருந்து வந்து இறங்கியபோது வயது 24 கூட நிரம்பவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பொடியன்களோடு உட்கார்ந்து மணலில் ‘அ, ஆ’ எழுதிப் பழகினார். கோட்டைத் தளபதியோடு மோதி நாலு மாதம் ஜெயிலில் இருந்தார். வெளியே வந்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தார். 36 வயதில் இறந்து, தாம் கட்டிய இந்த ஆலயத்துக்குள்ளேயே உறங்குகிறார்.

வீதி முடிந்ததும் பெரிய மைதானம். ஓரத்தில் டேன்ஸ்போர்க் கோட்டை. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் வருஷத்துக்கு ரூ.3,111 வாடகை பேசி டென்மார்க்காரர்கள் இடம் பிடித்தார்கள். மிளகு வியாபாரம்! 1845-ல் கணக்கை முடித்து, வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சத்துக்கு இங்கிலீஷ் கம்பெனிக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். குடியிருந்தவனே வீட்டை விற்றுவிட்டான். நம்ம ஊர் ஹவுஸ் ஓனர் யாராவது விடுவாரா?

மைதானத்தைத் தாண்டி கடலோரம் வந்தால் சிரிப்பு அடங்கிவிடும். பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்து மாசிலாமணிநாதர் கோயில், 1306-ஐச் சேர்ந்தது. முன்பகுதியை அலை அரித்துக்கொண்டு போய்விட்டது. 2004 டிசம்பர் 26-ல் இதே கடல், அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் வாரிக்கொண்டு போனது.

நாயக்கர், டேனிஷ்காரர், வெள்ளைக்காரர் என்று பத்திரத்தில் பேர் மாறிக்கொண்டே இருந்தது. பட்டா தன் பேரில்தான் என்று கடல் நினைக்கிறதோ என்னவோ! கோயில், சர்ச் என்ற பேதமில்லாமல் வசூல் செய்கிறது. ஆனாலும் ஒன்று. கணக்குப் பார்த்தவர்கள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மணலில் ‘அ’ எழுதக் கற்றவர் மட்டும் காலி செய்யவே இல்லை.