கையை நீட்டுண்ணா

ஜூன் 19
நள்ளிரவில் அண்ணன் ரத்த வாந்தி எடுத்தார். கட்டி கட்டியாகக் கருஞ்சிவப்பு. அண்ணி போட்ட கூச்சலில் தெருவே எழுந்துவிட்டது. முதலில் போன இடத்தில் சலைன் ஏற்றிவிட்டு, "எண்டோஸ்கோப்பி உடனே வேணும், திருப்பதிக்குப் போங்க" என்றார்கள். சித்தூரைத் தாண்டும்வரை, கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா மாங்காய் டிராக்டர்கள் சாலையோரம் நெடுக நின்றன. 108 வண்டி அவற்றைக் கடப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. விடியுமுன் அங்கே ஸ்விம்ஸ் மருத்துவமனையில் சேர்த்தோம்.

ஜூன் 20
டாக்டர் சீட்டின் பின்பக்கம் வரைந்து காட்டினார். கல்லீரல் தழும்பேறி இறுகிவிட்டது. குடலிலிருந்து வரும் ரத்தம் அதற்குள் நுழைய முடியாமல், வேறு வழி தேடி உணவுக்குழாய் ரத்தக்குழாய்களில் ஏறுகிறது. அவை புடைத்துப் புடைத்து ஒருநாள் வெடிக்கின்றன. வெடித்த இடத்தை ரப்பர் வளையத்தால் கட்டிவிட்டார்கள். சில வாரம் கழித்து மீண்டும் பார்த்து, மிச்சத்தையும் கட்ட வேண்டும். "சிரோசிஸ். தழும்பு பெரும்பாலும் மாறாது. மேலும் கெடாமல் நிறுத்தலாம்" என்றார். அண்ணி கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார். நான் அதற்கு முந்தையதிலேயே நிற்கிறேன்.

ஜூன் 21
"குடிப்பாரா?" பார்க்க வருபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான்.

ஜூன் 23
அண்ணன் என்னை "அம்மா" என்று கூப்பிட்டார். அம்மா போய் வருஷங்களாகின்றன. இது எந்த ஊர் என்று கேட்டால், பள்ளிக்கூடம் என்கிறார். சலைன் குழாயைப் பிடுங்கப் பார்த்தார். பணியிலிருந்த மருத்துவர் பதறவில்லை. அண்ணனின் இரு கைகளையும் முன்னால் நீட்டவைத்து, போக்குவரத்துக் காவலர் வண்டியை நிறுத்துவதுபோல் உள்ளங்கைகளை நிமிர்த்தச் சொன்னார். ஒரு நொடி நின்றன. பிறகு மணிக்கட்டு தளர்ந்து கை சரிந்தது, எழுந்தது, மறுபடி சரிந்தது. அண்ணனுக்கு அது தெரியவே இல்லை.

குடலில் தேங்கிய ரத்தம், மலச்சிக்கல், கிருமித்தொற்று, எதுவானாலும் அம்மோனியா போன்ற நச்சுகள் கூடும். கல்லீரல் வடிகட்டாதவை மூளைக்கு ஏறும். அதற்கு லாக்டுலோஸ் சிரப், கூடவே ரிஃபாக்சிமின். நாளுக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போக வேண்டும். சிரப்பின் அளவை அதை வைத்தே கூட்டிக் குறைக்கிறார்கள்.

ஜூன் 25
"எப்போ வந்தே?" என்றார். பேர் சொல்லிக் கேட்டார்.

ஜூலை 4
வீட்டுக்கு வந்தாயிற்று. நாள் முழுக்கச் சேர்த்து ஒரு டீஸ்பூன் உப்புக்குள் அடங்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் நின்றன. களிக்கும் வேர்க்கடலைச் சட்னிக்கும் எலுமிச்சம்பழம்தான் துணை. பருப்பும் முட்டையும் ஆகாது என்கிறார் பக்கத்து வீட்டம்மா. டாக்டர் சொன்னது நேர்மாறு: கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு தன் சதையையே தின்னும். படுக்குமுன்னும் ஏதாவது சாப்பிட வேண்டும். அண்ணி காலையில் எடை பார்த்துக் காலண்டரில் எழுதுகிறார். நான், "கையை நீட்டுண்ணா" என்கிறேன்.

ஜூலை 19
எடை ஏறிவிட்டது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. மறுபடி திருப்பதி. மூட்டுவலிக்கென்று ஒரு கடையில் கொடுத்த மாத்திரை காரணமாக இருக்கலாம். அந்த வகை வலிமாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்து உடம்பில் நீரைத் தேக்கும். வயிற்றிலிருந்து ஊசி வழியே நீர் எடுத்தார்கள். 5 லிட்டருக்கு மேல் எடுத்தால் லிட்டருக்கு 8 கிராம் வீதம் அல்புமின் ஏற்ற வேண்டும். எடுத்த நீரில் நியூட்ரோபில் என்னும் வெள்ளையணுக்கள் கன மில்லிமீட்டருக்கு 250ஐத் தாண்டினால் தொற்று. தாண்டவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஓர் ஆசிரியை. சர்க்கரை நோய், கொழுப்புக் கல்லீரல், அதிலிருந்து சிரோசிஸ். வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. அவரைப் பார்க்க வந்தவர்களும் வராந்தாவில் அதையே கேட்டார்கள். இரவு அண்ணனிடம் அவர், "நீங்களாவது பதில் சொல்லலாம்" என்றார். அண்ணன் பேசாமல் இருந்தார்.

ஆகஸ்ட் 5
சித்தப்பா கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்தார். சென்னையில் எஸ்.பி. தியாகராஜன், நோபல் பெற்ற புளூம்பெர்க் ஆகியோர் அதை ஆராய்ந்து 1988இல் லான்செட்டில் எழுதியது உண்மைதான். அது ஹெபடைடிஸ் பி கிருமியைப் பற்றியது. பிற்பாடு மற்றவர்கள் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இறுகிய கல்லீரலுக்கு மருந்தென்று அப்போதும் யாரும் நிரூபிக்கவில்லை. சித்தப்பாவுக்குக் காபி கொடுத்து, கிண்ணத்தை மூடி வைத்தேன்.

விநாயகர் சதுர்த்தி
காணிப்பாக்கம் போகலாம் என்றார் அண்ணி. குடியை விடுகிறேன் என்று அந்தப் பிள்ளையார் முன்னால் சத்தியம் செய்யத்தான் எத்தனையோ பேர் வருகிறார்கள். அண்ணனும் முன்பு செய்தவர்தான். ஆந்திராவின் மதுவிலக்கும் இப்படித்தான் வந்து போனது. 1992இல் நெல்லூர் தூபகுண்டாவில் பெண்கள் சாராயக் கடையை எதிர்த்துக் கிளம்பினார்கள். 1993இல் சாராயத்துக்குத் தடை, 1995இல் முழு மதுவிலக்கு. அன்று அம்மா தெருவுக்கே பாயசம் கொடுத்தது நினைவிருக்கிறது. 1997இல் கடைகள் திரும்ப வந்தன. அண்ணன் குடிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகு. சத்தியம் இருக்கட்டும், மனநல மருத்துவரிடமும் போக வேண்டும் என்று நான் சண்டை போட்டேன். "ரெண்டுக்கும் வர்றேன்" என்றார் அண்ணன்.

செப்டம்பர் 10
மாற்றுக் கல்லீரல் பேச்சு வந்துவிட்டது. இந்தியாவில் இது முதலில் வெற்றி பெற்றது 1998இல், காஞ்சிபுரத்துக் குழந்தை சஞ்சய்க்கு, டெல்லியில். அப்பா தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். அந்தக் குழந்தை இன்று டாக்டர். கொடுத்தவருக்குக் கல்லீரல் திரும்ப வளரும். உடன்பிறந்தவள் நான் கொடுக்கலாம், சட்டம் இடம் கொடுக்கிறது. ரத்த வகையும் ஒன்று. இறந்தவர் தானத்துக்கு அரசின் ஜீவன்தான் திட்டத்தில் பதிந்து காத்திருக்கலாம். என் கணவர் வாய் திறக்கவில்லை. எனக்கும் தூக்கமில்லை.

செப்டம்பர் 14
காலையில் நான் கேட்குமுன்பே அண்ணன் இரண்டு கைகளையும் நீட்டினார். ஆடவில்லை. "உன் கல்லீரல் எனக்கு வேண்டாம்" என்றார். முடிவெடுக்க அவர் ஒருவர் போதாது என்றேன்.

செப்டம்பர் 22
6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும். சிரோசிஸ் உள்ள கல்லீரலில் புற்றுநோய் வரலாம். அடுத்தது டிசம்பரில். கல்லீரல் மாற்றுச் சிகிச்சை பற்றி இன்னும் முடிவில்லை.

இதை யாராவது படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். குடிப்பழக்கம், சர்க்கரை, உடல்பருமன், ஹெபடைடிஸ் பி அல்லது சி, இவற்றில் ஒன்று வீட்டில் யாருக்கு இருந்தாலும் ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் செய்யச் சொல்லுங்கள். கல்லீரல் வெகுதூரம் கெடும்வரை பெரும்பாலும் வலிக்காது.