திருத்தும் உரிமை

மேலகரத்துக்காரர்களான நாங்கள் எங்கள் ஊர்க் கவிஞர் திரிகூடராசப்பக் கவிராயரைச் சொந்த வீட்டுத் தாத்தாபோலத்தான் பேசுவோம். குற்றாலக் குறவஞ்சி பாடியதற்காக அவருக்கு மானியமாகக் கிடைத்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். ஆனால் என்னை அடிக்கடி யோசிக்க வைப்பவர் பக்கத்துக் குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த, கம்பனைப் பதிப்பித்த ரசிகமணி டி.கே.சி.

கம்பராமாயணத்தில் ஒரு பாட்டு அவர் காதுக்கு ஒட்டவில்லையென்றால், அது கம்பன் பாட்டே இல்லை, எவரோ செருகியது. சொல் இடறினால் ஏடெழுதியவன் பிழை. அப்படித் தாமே நீக்கியும் திருத்தியும் பதிப்பித்தார். சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. ஏடு பார்த்து ஏடெழுதிய நாட்டில் பிழையும் இடைச்செருகலும் நேராமல் இருக்குமா? எல்லோரும் கும்பிட்ட நூலை அவர் நிறுத்திக் கேள்வி கேட்டார். அந்தத் துணிச்சல் இன்றைக்கும் அபூர்வம்.

சிக்கல் அதற்கு அடுத்த படியில். உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சிட்டபோது, ஏட்டில் சிதைந்துபோன இடங்களைப் புள்ளி வைத்துக் காலியாகவே விட்டார், பாடபேதங்களையும் காட்டினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தவருக்கு விட்டுப்போன நான்கு சீரை இட்டு நிரப்பத் தெரியாதா? தெரியும். நிரப்பவில்லை. அறிவு இருவருக்கும் உண்டு. பின்னால் வரும் வாசகனும் யோசிப்பான், அவனுக்குச் சாட்சியம் வேண்டும் என்ற எண்ணம் ஐயரிடம் கூடுதலாக இருந்தது.

டி.கே.சி.யின் பேச்சைக் கேட்க ராஜாஜியும் கல்கியும் குற்றாலத்துக்கு வந்தார்கள். அப்படிச் சொக்கவைக்கும் குரலுக்கு முன்னால், “ஆதாரம் எந்த ஏட்டில் ஐயா?” என்று கேட்க யாருக்கு மனம் வரும்? கூர்மையான அறிவுக்கு இதுதான் ஆபத்து என்று எனக்குப் படுகிறது. கேட்பவர்கள் எல்லோரும் ரசிகர்களாகிவிட்டால், தன் தீர்ப்பைத் தானே சோதிக்கும் வேலை நின்றுபோகும்.

இதே கத்திரி குறவஞ்சிமேல் விழுந்திருந்தால் எங்கள் ஊர் சும்மா இருந்திருக்காது. கம்பன் தேரழுந்தூர்க்காரன், அதனால் நாங்கள் தாராளமாக ரசித்தோம்!

பிடிக்காத பாட்டைப் பிடிக்கவில்லை என்று எழுத டி.கே.சி.க்கு முழு உரிமை உண்டு. நீக்கியதைப் பின்னிணைப்பில், மாற்றிய சொல்லின் பழைய வடிவத்தை அடிக்குறிப்பில் போட்டிருந்தால் போதும். ரசிகராக அவருக்கு ஈடு எவரையும் நான் சொல்லமாட்டேன். பதிப்பாசிரியராக அவரை ஏற்க மாட்டேன்.