ஊ ரஸாக்கின் நாடு

சின்ன வயதில் பர்மா என்றால் எனக்கு வாப்பாவின் அலுமாரிதான். "பர்மாத் தேக்கு, கறையான் கிட்டவும் வராது" என்று வருகிறவர்களிடமெல்லாம் அதைத் தட்டிக் காட்டுவார். 2017 ஆகஸ்டுக்குப் பிறகு அந்தப் பெயரே கசந்து போயிற்று. ராக்கைனிலிருந்து ஏழு இலட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்யா முஸ்லிம்கள் பங்களாதேஷுக்கு ஓடினார்கள். தொலைக்காட்சி முன் அமர்ந்து, "பர்மாக்காரன் மனிசனே இல்ல" என்று நானும் சொன்னேன்.

அடுத்த ஆண்டு ஆசிரியர் பயிற்சிப் பட்டறையொன்றுக்காக யங்கோன் போக நேர்ந்தது. மனமில்லாமலே போனேன். எங்களுக்குத் துணையாக வந்தவர் எழுபது வயதான பர்மியர்; பௌத்தர்; ஓய்வுபெற்ற ஆசிரியர். எல்லோரும் அவரை "ஸயா" என்றார்கள். ஆசிரியர் என்று அர்த்தம். என்னையும் அவர் அப்படியே அழைத்தார்.

முதல் நாள் மாலை தேநீர்க் கடையில் லப்பெ வாங்கித் தந்தார். புளிக்க வைத்த தேயிலைக் கொழுந்து. எள், வறுத்த பருப்பு, பூண்டு சேர்த்து உண்கிறார்கள். தேயிலை நாட்டிலிருந்து போன நான் தேயிலையைத் தின்றது அன்றுதான். முற்காலத்தில் வழக்குத் தீர்ந்ததும் இரு தரப்பாரும் லப்பெ உண்பார்களாம். உண்டால் தீர்ப்பை ஏற்றதாகப் பொருள்.

ரோஹிங்யாக்களைப் பற்றிக் கேட்டேன்.

"வங்காளிகளையா கேட்கிறீர்கள்?" என்றார்.

1982ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. பெயரையும் பறித்தது இந்தச் சொல். நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

மறுநாள் ஸ்வேடகோன் பகோடாவுக்கு அருகிலுள்ள தியாகிகள் நினைவிடத்துக்கு அழைத்துச் சென்றார். 1947 ஜூலை 19இல் ஆங் சானோடு சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் ஒருவர் கல்வி அமைச்சர் ஊ ரஸாக். 'ஊ' என்பது பெரியவர்களுக்குரிய மரியாதை அடைமொழி. மெய்க்திலாவில் பிறந்தவர். தந்தை தமிழ் முஸ்லிம். தாய் பர்மிய பௌத்தர். மாண்டலேயில் தேசியப் பாடசாலையின் அதிபராக இருந்தவர். முஸ்லிமாகவே வாழ்ந்து பாளியும் கற்றவர்.

"என் தகப்பனார் அவரிடம் படித்தவர்" என்று சொல்லி ஸயா தலை குனிந்து வணங்கினார். நான் பாத்திஹா ஓதினேன்.

திரும்பும் வழியில் அவரே பேச்சைத் தொடங்கினார்: "அவர் பிறந்த ஊரிலேயே 2013இல் பள்ளிவாசல்களை எரித்தார்கள். நான் வாய் திறக்கவில்லை."

நான் பதில் சொல்லவில்லை. தொலைக்காட்சி முன் நான் சொன்ன வார்த்தை ஞாபகம் வந்தது. ஒரு சனத்தையே ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்தவர் அவர் மட்டுமல்லவே.

2021 பெப்ரவரி 1இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. எதிர்த்து வீதிக்கு வந்த இளைஞர்கள் சுடப்பட்டார்கள். பர்மியர் பலர் ரோஹிங்யாக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். அந்த ஏப்ரலில் ஸயாவிடமிருந்து ஒரு மின்னஞ்சல்:

"அதே சப்பாத்துகள் இப்போது எங்கள் கதவையும் உதைக்கின்றன. ரோஹிங்யாக்கள் சொன்னதை அன்றே நம்பியிருக்க வேண்டும். பிந்திவிட்டேன், ஸயா."

வங்காளி என்ற சொல் அதில் இல்லை. நானும் என் பங்கை எழுதினேன். பதில் வரவில்லை.

2025 மார்ச் 28, றமழானின் கடைசி வெள்ளி. பூமி அதிர்ந்து மாண்டலே, சகாயிங் பள்ளிவாசல்கள் தொழ வந்தவர்கள் மீது இடிந்தன. விகாரைகளும் வீடுகளும் வீழ்ந்தன. அன்றிரவு பர்மாவின் சனங்கள் அனைவருக்காகவும் துஆக் கேட்டேன். ஸயாவின் பெயரைச் சொல்லியும் கேட்டேன்.