கோட்டைக்குள் ஒரு துணிச் சந்தை

வளவனூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைப் பேருந்து பிடித்தால் கல்பாக்கத்தை ஒட்டி வருகிறது சதுரங்கப்பட்டினம். அங்கே கடலைப் பார்த்தபடி நிற்கிறது டச்சுக்கோட்டை. வாசலில் பீரங்கி. பலரும் அதனருகே நின்று படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். உள்ளே நிதானமாக நடந்தால், செங்கல் சுவர்களுக்கு நடுவே நீளநீளமான கிடங்குகள்தான் கண்ணில் படும். சண்டைக்காக அல்ல, சரக்குக்காகக் கட்டிய கோட்டை இது.

இதைக் கட்டிய டச்சுக்காரர்களின் சொந்த ஊர்ச் சந்தை எப்படி இருக்கும்? நெதர்லாந்தின் ஆல்க்மார் நகரில் கோடைகால வெள்ளிக்கிழமைகளில் இன்றும் பாலாடைக்கட்டிச் சந்தை கூடுகிறது. மஞ்சள் மஞ்சளாக உருண்டைக் கட்டிகளைச் சதுக்கத்தில் வரிசையாகப் பரப்பியிருப்பார்கள். வாங்குபவரும் விற்பவரும் உள்ளங்கையோடு உள்ளங்கை தட்டித்தட்டி விலை பேசுவார்கள். நம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடிப்பதைப் போல, அங்கேயும் கைதான் பேசும். விலை படிந்ததும், வெள்ளை உடையும் வண்ணத் தொப்பியும் அணிந்த சுமைகாரர்கள் இருவர் இருவராகக் கட்டிகளைத் தூக்கு பலகையில் ஏற்றி, ஓட்டமும் நடையுமாக எடைமண்டபத்துக்குக் கொண்டுபோவார்கள். அந்தச் சுமைகாரர்களின் சங்கம் 1593-லிருந்து இருக்கிறது. எல்லார் கண்ணெதிரிலும் எடை போடுவதுதான் அந்தச் சந்தையின் உயிர்.

அதே நாட்டு வணிகர்கள் 1608-ல் செஞ்சி நாயக்கரிடம் அனுமதி பெற்று, கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் இடம் பிடித்தார்கள். பிறகு பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம். அவர்கள் தேடி வந்தது நம் துணியை. சோழமண்டலத் துணியைக் கொடுத்தால்தான் கிழக்கிந்தியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் கிடைத்தன. சதுரங்கப்பட்டினத்தின் மெல்லிய மஸ்லின் துணிக்குத் தனி மதிப்பு.

ஆனால் இங்கே சந்தை வேறு விதமாக நடந்தது. இடைத்தரகர் வழியாக நெசவாளருக்கு முன்பணம் போகும். நெய்து வந்த துணியை மாதிரித் துணியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பார்கள். தரம் குறைந்தால் விலை குறையும், அல்லது துணி திரும்பிப் போகும். அதைத் தீர்மானித்தவர்கள் வாங்குபவர்கள். பஞ்சக் காலங்களில் சோழமண்டலக் கரையிலிருந்து மனிதர்களையே அடிமைகளாகக் கப்பலேற்றியதும் இந்த டச்சு வணிகக் கும்பினிதான். ஆல்க்மார் சதுக்கத்தின் நியாயம் கடல் தாண்டி வரவில்லை.

1781-ல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தார்கள். 1818-ல் அது டச்சுக்காரர்களிடம் திரும்பி வந்தது. 1824 லண்டன் ஒப்பந்தத்தில் இந்தியாவில் தங்களுக்கு எஞ்சியிருந்த இடங்களையெல்லாம் அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள்.

கோட்டைக்குள் டச்சுக்காரர்களின் கல்லறைகள் இருக்கின்றன. குலச்சின்னமும் அலங்கார எழுத்தும் செதுக்கிய கற்கள். குனிந்து விரலால் தடவினால் எழுத்தின் பள்ளம் இன்னும் தட்டுப்படுகிறது. பெயர்கள் அத்தனை ஆழமாக வெட்டப்பட்டிருக்கின்றன. இந்தக் கிடங்குகளை நிரப்பிய நெசவாளர் ஒருவரின் பெயரும் இங்கே இல்லை.

வளவனூருக்குப் பக்கத்திலுள்ள சிறுவந்தாட்டில் இன்றும் பட்டு நெய்கிறார்கள். தறிச் சத்தம் தெருவுக்குக் கேட்கிறது. அப்படிப்பட்ட தறி ஒன்றைச் சதுரங்கப்பட்டினத்துக் கிடங்கில் நிறுத்தி, கோட்டையின் கதையைத் தமிழில் எழுதி வைக்க வேண்டும். பீரங்கியைப் பார்க்க வரும் பிள்ளைகள், அது எதைக் காவல் காத்தது என்பதையும் தெரிந்துகொண்டு போகட்டும்.