காற்றும் நூலும்

நாமக்கல்லில் பிறந்தவர்களுக்குச் சக்கரத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை என்பார்கள். லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகள், எரிவாயு டேங்கர்கள், பக்கத்துத் திருச்செங்கோட்டிலிருந்து நாடெங்கும் கிணறு தோண்டப் போகும் ரிக் வண்டிகள் என்று எங்கள் ஊர்ப்பக்கம் உருண்டுகொண்டேதான் பிழைக்கிறது. ஓட்டுநர்கள் தேநீருக்கு இறங்கினாலும் ஒரு கம்பியால் டயர்களை வரிசையாகத் தட்டி, ஓசையைக் கேட்ட பின்னரே கடைக்குள் நுழைவார்கள். நாங்கள் அண்ணன் தம்பி இருவரும் அந்த ஓசைக்கு நடுவில்தான் வளர்ந்தோம். ஆயினும் எங்கள் வீட்டில் காற்றைப் பற்றி யாரும் பேசியதில்லை. காரணம் பிறகு வரும்.

சென்ற மாசியில், கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு நாள் எங்கள் பழைய சிறிய காரை ஓட்டிப் பார்க்க வாய்த்தது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த ஓடுபாதை அது. மாருதி எஞ்சினைக் கொண்டு பந்தயக் கார்களை உள்ளூரிலேயே உருவாக்கி, பின்னர் 1995இல் விமான விபத்தில் மறைந்த கரிவரதனின் பெயரைத் தாங்கியது. தமிழ்நாட்டுப் பந்தயம் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் வளர்ந்து, 1990இல் இருங்காட்டுக்கோட்டைக்குப் பெயர்ந்த கதையை நண்பர்கள் அறிந்திருக்கக்கூடும். நாங்கள் பந்தயக்காரர்கள் அல்லர். நெடுஞ்சாலையில் செய்யக்கூடாததை அதற்கென அமைந்த இடத்தில் ஒருமுறை செய்துபார்க்கும் ஆசைதான்.

புறப்படுவதற்கு முன் அலைன்மென்ட் பார்க்க வேண்டியிருந்தது. கணினித் திரை வைத்த கடைகள் பல இருந்தும், லாரிகளுக்கு நூல் பிடிக்கும் ஒரு பெரியவரிடமே போனோம். அவர் முதலில் காரைப் பார்க்கவில்லை, டயரைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை ரப்பரின் மேல் குறுக்காக இழுத்தார். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் அரத்தின் பல்லாகவும் தட்டுப்பட்டால் சக்கரங்கள் நேராக உருளாமல் தேய்ந்து இழுபடுகின்றன என்று பொருள்; அது டோ கோணத்தின் பிழை. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால் பெரும்பாலும் சக்கரத்தின் சாய்வான கேம்பரின் பிழை. நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று மிகுதி. இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. வண்டி தன் நாட்குறிப்பை ரப்பரில் எழுதிவைக்கிறது. படிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

எங்களில் ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் அமரச் சொன்னார். ஓடும்போது இருக்கும் பாரம் அளக்கும்போதும் இருக்க வேண்டுமாம். நான்கு டயருக்கும் காற்றைச் சமமாக்கினார். ஸ்டியரிங்கை நேராக்கிக் கட்டினார். பிறகு காரின் இருபுறமும் இணையாக நூலை இழுத்து, சக்கர வட்டின் முன்விளிம்புக்கும் நூலுக்கும் எவ்வளவு, பின்விளிம்புக்கும் நூலுக்கும் எவ்வளவு என்று அளந்தார்.

"சாய்வ மொதல்ல வெச்சுப்போடணுங்க தம்பி. சாய்வத் தொட்டா நேரு மாறிப்போயிரும். நேரு எப்பவும் கடைசீலதான்" என்றார்.

அந்தக் காரில் கேம்பரை மாற்றத் தொழிற்சாலை வழி வைத்திருக்கவில்லை. போல்ட் துளையின் நெகிழ்வில் அரை டிகிரி கிடைத்தது. வளைவில் கார் வெளிப்புறம் சாயும்போது வெளிச்சக்கரம் தன் விளிம்பில் ஏறிவிடும். முன்கூட்டியே மேற்பகுதியை உட்புறம் சிறிது சாய்த்துவைத்தால், அந்த நேரத்தில் ரப்பர் முழுமையாகத் தரையில் படியும். டோவை ஏறக்குறைய பூச்சியத்தில் நிறுத்தினார். முன்சக்கரங்களைச் சற்று வெளிநோக்கி வைத்தால் கார் வளைவுக்குள் ஆவலோடு நுழையும். ஆனால் நேர்சாலையில் அலைபாயும். அதே காரில் வீடு திரும்ப வேண்டியவர்களுக்கு அது வேண்டாம் என்றார்.

மரத்தின் கோணலைக் காட்டித் தீர்க்கும் தச்சனின் நூலைப் போல மனத்தின் கோணலைத் தீர்ப்பதால்தான் ஏட்டுக்கும் நூல் என்று பெயர் வந்தது என்பது நன்னூலார் கருத்து. பள்ளியில் மனப்பாடம் செய்த அந்தச் செய்தி, கிரீஸ் படிந்த அந்தத் தரையில் குந்தியிருந்தபோதுதான் எங்களுக்கு விளங்கியது.

விடியற்காலையில் ஓடுபாதையை அடைந்து, குளிர்ந்த டயரில் முன்னால் 30 பி.எஸ்.ஐ. காற்று வைத்தோம். டயரின் தோள்பட்டையில் சாக்பீஸால் கோடு கிழித்தோம். ரப்பர் எதுவரை தரையில் உருள்கிறது என்பதை, எதுவரை கோடு அழிகிறது என்பது காட்டிக்கொடுக்கும். பதினைந்து நிமிட ஓட்டத்திற்குப் பின் காற்று 37 ஆகியிருந்தது. அடைபட்ட காற்று சூடானால் அழுத்தம் ஏறும் என்ற பள்ளிப்பாடம்தான். கார் வெண்ணெயில் சறுக்குவது போல முன்னால் நழுவியது. உடனிருந்த அனுபவசாலி ஒருவர், சூட்டோடு காற்றை இறக்கி 33இல் நிறுத்தச் சொன்னார். ஓடுபாதையில் கணக்கு குளிர்ந்த அழுத்தத்தில் இல்லை. சூடேறிய பின் எங்கே நிற்கிறது என்பதில்தான் இருக்கிறது.

வால்வு ஊசியை அழுத்தினோம். சீறிக்கொண்டு வெந்த காற்று வெளியேறியது. எங்கள் இருவர் முகமும் ஒரே கணத்தில் மாறியதை இருவருமே கவனித்தோம்.

1998 சித்திரையில், அன்றைய ஏழாம் எண் நெடுஞ்சாலையில், ஓமலூர் தாண்டி, அப்பா ஓட்டிய லாரியின் இடது முன்டயர் வெடித்தது. வண்டி இடப்புறம் இழுத்துப் புளியமரத்தில் மோதியது. அப்பாவுக்குக் கீறல்தான். இடப்புறம் அமர்ந்திருந்த கிளீனர் அண்ணனுக்கு ஒரு கால் போனது. அதற்கு அரைமணி நேரம் முன்புதான், கொதித்துக்கொண்டிருந்த டயரில் வெடித்துவிடுமோ என்று பயந்து அப்பா காற்றை இறக்கியிருந்தார். அன்று பல ஓட்டுநர்கள் அப்படித்தான் நம்பினார்கள். ஆனால் காற்று குறைந்த டயர் பாரத்தில் அதிகமாக மடங்கும்; மடங்க மடங்க உள்ளிருக்கும் இழைகள் இன்னும் சூடாகும். காப்பாற்றச் செய்த காரியமே கெடுத்துவிட்டது. அப்பா அதன்பின் லாரி ஓட்டவில்லை. வீட்டில் காற்றைப் பற்றிய பேச்சும் நின்றுபோயிற்று.

அப்பாவை உடைத்த அதே செயல் இங்கே முறையான செயலாக இருந்தது. பாரமில்லாத சிறிய கார், கால்மணி ஓட்டம், அதன்பின் ஆறவிடுதல் என்பதால் இது பொருந்துகிறது. பாரம் ஏற்றி நாள்முழுதும் ஓடுவதற்குப் பொருந்தாது. இந்த வேறுபாட்டை அப்பாவிடம் அன்று எடுத்துச் சொல்ல யாருமில்லை.

நண்பகல் ஓட்டத்திற்குப் பின் மறுபடியும் இறக்கினோம். கார் அருமையாகத் திரும்பியது. மாலையில் மகிழ்ச்சிக் களைப்போடு பைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது அப்பாவின் அழைப்பு வந்தது.

"டயரு சூடா இருக்கறப்ப காத்து எறக்குவாங்களாமே, அப்பிடியா?"

ஆமாம் என்றோம்.

"எறக்குனது எறக்குனபடி ரோட்டுக்கு வந்தராதீங்க கண்ணு. நல்லா ஆறட்டும். ஆறுன பொறகு வெச்சுக்கிட்டு வாங்க." சற்று நேரம் மௌனம். "அன்னைக்கு எனக்கு அது தெரீல."

உண்மையில் நாங்கள் மறந்திருந்தோம். ஒரு மணி நேரம் காத்திருந்து அளந்தபோது முன்டயர்களில் 26கூட இல்லை. 30க்கு ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம்.

நள்ளிரவில் வீடு சேர்ந்தபோது அப்பா திண்ணையில் விழித்திருந்தார். காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அளவுமானியை நீட்டினோம். "இப்பப் பாத்தா தப்பாக் காட்டும், காலைல பாத்துக்கலாம்" என்று உள்ளே போய்விட்டார்.

காலையில் நாங்கள் எழுந்து வெளியே வந்தபோது, நான்கு டயர்களிலும் அப்பாவின் கையெழுத்தில் சாக்பீஸால் எண்கள் எழுதப்பட்டிருந்தன.